முள்ளாத்தாவோட மூணு புள்ளி

திருத்தணி பக்கத்துல கே.ஜி.கண்டிகையில எறங்கி "கவிதா வூடு எது?"ன்னு கேட்டீங்கன்னா, ஆளாளுக்கு மூஞ்சியப் பாத்துக்குவாங்க. "முள்ளாத்தா வூடு"ன்னு கேளுங்க. டீக்கடையில டம்ளர் கழுவுறவரே கையைத் தொடைச்சிகினு ரோட்டுக்கு வந்து, "அதோ, பச்சை கேட்டு. கதவைத் தட்டாதீங்க. அந்தம்மா அலமாரிக்குள்ள இருக்கும்"னு சொல்லி அனுப்புவாரு.

அலமாரிக்குள்ள இருக்கறது வேண்டுதல் இல்லீங்க, பொழப்பு. கவிதா டப்பிங் பேசுறவ. முன்னல்லாம் திருத்தணியில காலைல ரயில் ஏறி மெட்ராஸ் ஸ்டுடியோவுக்குப் போயிட்டு ராத்திரி வருவா. கொரோனாவுக்கு அப்புறம் பாதி வேலை வூட்லயே ஆயிப்போச்சு. செவுத்து அலமாரியில தட்டையெல்லாம் கழட்டிட்டு, மூணு பக்கமும் பழைய மெத்தையைக் கிழிச்சி ஆணி அடிச்சி, நடுவுல ஒரு முக்காலி, ஒரு மைக்கு. கதவைச் சாத்திகினா பஸ்ஸு ஆரன் பாதிதான் கேக்கும். மூச்சும் பாதிதான் வரும்.

முப்பத்தஞ்சு வருஷத்துல அவ ஒழுங்கா ஒரு எடத்துல உக்காந்தது அதுக்குள்ளதான். அதுவும் கால் நீட்ட எடமில்லாததால. மத்தபடி கவிதா நிக்க மாட்டா, உக்கார மாட்டா. சோத்துல சாம்பாரை ஊத்திட்டு தட்டோட வாசலுக்குப் போயிடுவா. எதிர்ல ஒருத்தர் பேசிகினு இருந்தா, அவங்க முடிக்கறதுக்குள்ள அவங்க குரல்லயே மீதியை இவ சொல்லி முடிச்சிடுவா. பள்ளிக்கூடம் போற காலத்துல கண்டக்டர் விசில இவ வாயாலயே அடிச்சி, ஏற வேண்டிய பொம்பளைங்களைக் கீழயே வுட்டுட்டு பஸ்ஸு கெளம்பிப்போன கதை இன்னிக்கும் ஊர்ல ஓடுது. தாலுக்கா ஆபீஸ்ல "நாளைக்கு வாம்மா"ன்னு மூக்கால சொன்ன ஒருத்தருகிட்ட, "ஆங், நாளைக்கு வரேன்மா"ன்னு அதே மூக்கால சொல்லிட்டு வந்தா. அந்த சர்டிபிகேட்டு கெடைக்க ஒன்றரை மாசம் ஆச்சு.

இப்படிப்பட்டவளுக்கு மூணு புள்ளி வந்து சேர்ந்துச்சு.

அதுக்கு முள்ளாத்தா யாருன்னு சொல்லணும். டிவியில சாயங்காலம் அஞ்சரைக்கு "காத்தாடி கும்பல்"னு ஒரு கார்ட்டூன் நாலு வருஷம் ஓடிச்சு. மேகத்துக்கு மேல ஒரு ஊரு. பசங்கல்லாம் காத்தாடி மேல ஏறிப் பறப்பாங்க. அவங்க நூலையெல்லாம் அறுத்துப் போடறவ முள்ளாத்தா. தலையில முடி கெடையாது, கருவேல முள்ளு. எங்கியோ வெளிநாட்ல வரைஞ்ச படம். தமிழ்ல அந்த வாய்க்குள்ள குரலை வெச்சது கவிதா. கடைசி நாளு முள்ளாத்தா தோத்துப்போயி சரணடைஞ்சா, படமும் முடிஞ்சிது. அது ஆச்சி மூணு வருஷம்.

இப்ப அந்தக் கதையோட மீதியை காமிக்ஸா கொண்டாராங்க. "முள்ளாத்தா: அதுக்கப்புறம்"னு பேரு. திருந்தின முள்ளாத்தாதான் இதுல கதாநாயகி. போன்ல படிக்கற காமிக்ஸு. ஒவ்வொரு கட்டத்தையும் விரலால தட்டினா, அதுல இருக்கறவங்க பேசுவாங்க. அந்தக் குரலுக்குத்தான் கவிதா வியாழக்கிழமை காலைலேருந்து அலமாரிக்குள்ள வேர்த்துகினு இருந்தா.

போன்ல வாய்ஸ் டைரக்டர் சாய்கிருஷ்ணன். அவரு பேசறது எப்படின்னா, மொதல்ல ஒரு "சூப்பர்", பின்னாடியே ஒரு "ஆனா". சூப்பருக்கு அரை நிமிஷம், ஆனாவுக்கு அரை நாளு.

"சூப்பர் கவிதாம்மா. ஆனா முப்பது பக்கத்தை பதினோரு நிமிஷத்துல முடிச்சிட்ட. கடைசி பஸ்ஸு போயிடும்னா ஓடுற?"

"படத்துல ஒதடு ஆடினா பாத்து நிறுத்தலாம் சார். இது எல்லாம் ஆணி அடிச்ச மாதிரி நிக்கிது. எங்க தொடங்கறது எங்க முடிக்கறதுன்னே தெரியல."

நெசந்தான். கவிதா ஒம்பது வருஷமா அடுத்தவங்க வரைஞ்ச வாயைப் பாத்துப் பேசினவ. வாய் தொறந்தா தொறப்பா, மூடினா மூடுவா. எந்த எடத்துல சும்மா இருக்கணும்னு அவ தானா முடிவு பண்ணதே கெடையாது.

"சரி, வேகத்தை நான் கம்ப்யூட்டர்ல பாத்துக்கறேன். முப்பதாம் பக்கம் கடைசிக் கட்டம் மட்டும் வரல."

முப்பதாம் பக்கம் கடைசிக் கட்டத்துல, சிட்டுன்னு ஒரு பையன் முன்னாடி முள்ளாத்தா நிக்கிறா. ஒரு காலத்துல அவன் காத்தாடியை அவன் கண்ணெதிர்லயே கிழிச்சவ. பையன் அண்ணாந்து பாக்கறான். முள்ளாத்தா பேசற பலூன்ல ஒரு எழுத்து இல்ல. மூணு புள்ளி. அவ்ளோதான்.

கவிதா பெருமூச்சு வுட்டுப் பாத்தா. "கரண்ட் பில்லு பாத்த மாதிரி இருக்கு"ன்னாரு சாய்கிருஷ்ணன். விசும்பிப் பாத்தா. "ஜலதோஷம்." "ம்ம்ம்"னு இழுத்தா. "பாயசம் குடிக்கறவ மாதிரி இருக்கும்மா."

"சும்மா வுட்டுட்டா இன்னா சார்? புள்ளிதானே?"

"தட்டிட்டு குரல் வரலன்னா படிக்கறவன் போன் நின்னுபோச்சின்னு நெனச்சிப்பான். ஏதாவது ஒண்ணு வரணும். இங்கதான் அவ திருந்தினாளா நடிக்கிறாளான்னு தெரியணும். கவிதாம்மா, வெளிப்படையா சொல்லிடறேன். மெட்ராஸ்ல அனிதான்னு ஒரு புதுப் பொண்ணு சேம்பிள் குடுத்திருக்கு. மேல இருக்கறவங்களுக்குப் புடிச்சிருக்கு. நாளைக்கு ரெண்டு மணிக்குள்ள இந்த ஒரு கட்டத்தை சரியா அனுப்பு. இல்லன்னா என் கையில இல்ல."

கவிதா அலமாரிக் கதவை ஒதைச்சித் தொறந்து வெளிய வந்தா. மூணு புள்ளிக்காக முள்ளாத்தா போயிடுமா? ஒம்பது வருஷத்துல அவ பேசாததில்ல. சோப்பு விளம்பரத்துல அம்மா, சீரியல்ல கூட்டத்தோட கூட்டமா அழுவுற பொம்பள, ஒரு ஆட்டுக்குட்டி, ரெண்டு ரோபோ. எல்லாம் ஒரு நாளு பேசிட்டு வுட்டுட்டு வர்ற குரலுங்க. முள்ளாத்தா ஒண்ணுதான் அவளோடது. இத்தை அனிதா வந்து பேசினா, டீக்கடைக்காரரு பச்சை கேட்டை எப்படிக் காட்டுவாரு?

முள்ளாத்தா என்னோடதுன்னு கவிதா சொல்லும்போதெல்லாம் அவ புருசன் பூபாலன் தொண்டையைக் கனைச்சிகினு வேற பக்கம் பாப்பான். காரணம் இருக்கு. அந்தக் குரலு அவங்க அக்காவோடது.

பூபாலனோட அக்கா தாயம்மாள், கவிதாவுக்கு நாத்தனா. சொந்த நெலத்துல சாமந்தியும் சம்பங்கியும் போட்டு, திருத்தணி மார்க்கெட்ல தானே உக்காந்து விக்கிறவ. நாப்பத்தேழு வயசு. குரலு அடிவயித்துல ஒறுமிகினு கெளம்பி, மேல வந்து தேங்கா ஒடையற மாதிரி பட்டுனு ஒடையும். பூவை அள்ளிப் பாக்கறேன்னு எவனாவது கையை வுட்டா, "எவன்டா அவன், என் கூடையில கை வெக்கறது?" மார்க்கெட்டுக்கு அந்தக் கடைசியில இருக்கற மீன்காரன் கையை எடுத்துப்பான். முள்ளாத்தாவுக்குக் குரல் தேடினப்போ கவிதா யோசிக்கவே இல்ல. "எவன்டா அவன், என் காத்துல வெளையாடுறது?"ன்னு ஒரு வாட்டி சொன்னா. ஸ்டுடியோவே எழுந்து நின்னுச்சு.

நாலு வருஷமும் தாயம்மா பேசிகினுதான் இருந்தா. "என் தொண்டையை வித்துத் துன்றவளே, வா"ன்னுதான் வாசல்ல கூப்புடுவா. அதுக்கப்புறம், படம் முடிஞ்ச வாரத்துலேருந்து, வாயை மூடிட்டா. கவிதாகிட்ட மட்டும் இல்ல. மார்க்கெட்லயும் கூவறதை நிறுத்திட்டா. கிலோ எவ்ளோன்னு அட்டையில எழுதி பூ மேல சொருகிட்டு சும்மா உக்காந்துப்பா. வர்ற பசங்கல்லாம் முள்ளாத்தா முள்ளாத்தான்னு கேலி பண்ணதுல ஓய்ஞ்சிட்டா போலன்னு கவிதா நெனச்சா. ஒரு வாட்டி போய்க் கேக்கணும்னும் நெனச்சா. ரயிலுக்கு நேரமாயிடும், அடுத்த வாரம்னு தள்ளிப்போடுவா. மூணு வருஷம் அடுத்த வாரமாவே போச்சு.

வியாழக்கிழமை மத்தியானம் கவிதா பூபாலனோட ஷேர் ஆட்டோவுல ஏறி திருத்தணிக்குப் போனா. அவளுக்கு ஒரு கொறை உண்டு. காதுல கேக்காத சத்தத்தை அவளால வாயில கொண்டாற முடியாது. தப்பு பண்ணவன், தப்பு பண்ணப்பட்டவன் முன்னாடி வாயடைச்சி நிக்கும்போது இன்னா சத்தம் வரும்? எங்கனா ஒருத்தன் நிக்காமலா போவான்?

மறுநாளு சஷ்டி. பஸ் ஸ்டாண்டு ரொம்பி வழிஞ்சிது. திருப்பதி பஸ்ஸை வுட்டுட்டு ஒரு ஆளு பொண்டாட்டி முன்னாடி நின்னுகினு இருந்தான். டீ குடிக்கப் போனவனாம். பொண்டாட்டி ரெண்டு பையோட மொறைக்கிறா. கவிதா பக்கத்துல போய் செல்போன் பாக்கற மாதிரி காதை நீட்டினா. "இல்ல… அவன்தான் பத்து நிமிஷம்னு சொன்னான்…" ச்சே, இது சாக்கு. தள்ளி ஒரு கடையில, வேலைக்காரன் காபியை ஒரு பெரியவரு வேட்டியில கொட்டிட்டான். கவிதா பறந்துபோய் நின்னா. "சார் சார் சாரி சார் சார்." இது பயம். காலேஜ் போற பசங்க ரெண்டு பேரு சண்டை போட்டு சமாதானம் ஆனாங்க. ரெண்டு பேரும் சிரிச்சிட்டாங்க. நாலு மணி வரைக்கும் ஊரைச் சுத்தினா. ஒருத்தன்கூட ஒழுங்கா வாயடைச்சி நிக்கல. எல்லாரும் பேசறாங்க!

"நீ மட்டும் இன்னா பண்ணுவ?"ன்னு ஆட்டோவை ஓட்டிகினே பூபாலன் கேட்டான்.

"இன்னா பாவா?"

"தப்பு பண்ணிட்டா. நீ சத்தம் எதனா குடுத்திருக்கியா? ரயில் ஏறிப் போயிடுவ."

கவிதா அவன் குரல்லயே "ரயில் ஏறிப் போயிடுவ"ன்னு பழிச்சிக் காட்டினா. பின்னாடி உக்காந்திருந்த ரெண்டு பொம்பளைங்க சிரிச்சாங்க. பூபாலன் சிரிக்கல.

"முள்ளாத்தா குரலு எங்க கெடைச்சுதோ, மீதியும் அங்கதான் இருக்கும். நாளைக்கு அக்கா கடைக்குப் போ. நான் கூட வர மாட்டேன். எனக்கு ஆட்டோ ஓட்டணும், உயிரோட இருக்கணும்."

வெள்ளிக்கிழமை காலைல பதினோரு மணிக்கு மார்க்கெட்ல கால் வெக்க எடமில்ல. சாயங்காலம் மலை மேல புஷ்பாஞ்சலி. மூட்டை மூட்டையா ரோஜா, சாமந்தி, சம்பங்கி எல்லாம் மேல போயிகினு இருந்துச்சு. தாயம்மா ஒரு தார்ப்பாய் மேல மலை மாதிரி பூவைக் கொட்டிட்டு, பக்கத்துல பக்கெட்ல தண்ணி வெச்சி, கையால தெளிச்சிகினு இருந்தா.

கவிதா நின்னா. இந்தக் கால்லேருந்து அந்தக் காலுக்கு மாறினா. "அண்ணி"ன்னா.

தாயம்மா தூணைப் பாத்தா. "வெலை வேணும்னா அட்டையில இருக்குது"ன்னு தூணுகிட்ட சொன்னா.

"பூ வாங்க வரல அண்ணி. ஒரு விசயம்…" கவிதா தொடங்கிட்டா. தொடங்கினா நிக்காதே. காமிக்ஸு, கட்டம், புள்ளி, சாய்கிருஷ்ணன் "சூப்பர்… ஆனா", அனிதா, ரெண்டு மணி, எல்லாத்தையும் ஒரே மூச்சில, அவங்கவங்க குரலோட கொட்டினா. நடுவுல ஒரு எடத்துல பழக்கதோசத்துல முள்ளாத்தா குரலும் வந்துடுச்சு. பூ வாங்க நின்ன ஒரு அம்மா இவளைப் பாத்துட்டு தாயம்மாளைப் பாத்துட்டு, கால் கிலோவோட நகர்ந்துடுச்சு.

தாயம்மா கையில இருந்த தண்ணியை ஒதறினா.

"முடிஞ்சிதா? இப்ப சத்தம் திருட வந்துட்டியா? போன வாட்டி திருடினது போதல?"

"குரலை எடுத்ததுக்குக் கோவம்னு தெரியும் அண்ணி…"

"குரலு! குரலை யாரு கேட்டா?" மூணு வருஷமா உள்ள கெடந்த தேங்கா பட்டுனு ஒடைஞ்சிது. மீன்காரன் தலையைத் தூக்கினான். "நாலு வருஷம், தெனம் அஞ்சரைக்கு கடையைக் கட்டிட்டு ஓடிப்போய் பாத்தேன்டி. பசங்க வந்து வேணும்னே கூடையில கை வெப்பானுங்க. நான் கத்துவேன். ஓஓன்னு ஓடுவானுங்க. நாளைக்கும் வருவானுங்க. யாரு உன்ன வந்து கேட்டா? கடைசி நாளு இன்னா பண்ண? அழ வெச்சியே! நாப்பது செகண்டு, மூக்கை உறிஞ்சிகினு, மண்ணுல வுழுந்து, 'அய்யோ என்னை வுட்டுடுங்க'ன்னு! நான் என்னிக்குடி அப்படி அழுதேன்? எங்கம்மா செத்தப்பவே நான் அழுவல. மறுநாளுலேருந்து இந்தப் பசங்க கையை வெக்கறதில்ல. வரிசையா நின்னுகினு, 'முள்ளாத்தா, அழுது காட்டு! முள்ளாத்தா, அழுது காட்டு!'"

அந்த அழுகை கவிதாவுக்கு நல்லா ஞாபகம் இருக்கு. படத்துல முள்ளாத்தா முதுகைத்தான் காட்டுவாங்க. வாய் தெரியாது. எழுதிக் குடுத்த தாள்லயும் ஒண்ணும் இல்ல, சும்மா நிக்கிறான்னுதான் போட்டிருந்துச்சு. நாப்பது செகண்டு காலியா வுட கவிதாவுக்கு மனசு வரல. அவளாவே அழுதா. அந்த அழுகையைத்தான் எல்லாரும் பாராட்டினாங்க.

"இந்த ஊர்ல பொறந்தவதானே நீ?" தாயம்மா எழுந்துட்டா. "ஊர் ஊருக்கு இன்னிக்கு சூரனை வெட்டுறாங்க. இங்க வெட்டுறமா? கோவம் தணிஞ்ச எடம்னு பூவைக் கொட்டுறோம். அந்த சூரன் அழுதானாடி? கால்ல வுழுந்து மூக்கை உறிஞ்சினானா? மயிலா நின்னான், சேவலா நின்னான். நிமுந்துகினு நின்னான். என்னிய மட்டும் எதுக்குடி மண்ணுல உருட்டின?"

சொல்லிகினே கையை வீசினா. அந்தக் கை கவிதா கையில பட்டுது. கவிதா கையில இருந்த போன் மேல போயி, ஒரு சுத்து சுத்தி, தண்ணி பக்கெட்டுக்குள்ள தொபுக்குனு வுழுந்துது.

ரெண்டு பேரும் பக்கெட்டைப் பாத்தாங்க. போன் வெளிச்சம் அடியில ரெண்டு வாட்டி கண்ணடிச்சிட்டு அணைஞ்சிது. காமிக்ஸ் பக்கம், சாய்கிருஷ்ணன் நம்பரு, நேத்திலேருந்து பேசினதெல்லாம் அதுக்குள்ள.

தாயம்மா வாய் தொறந்துது. ஒண்ணும் வரல. மூக்கு வழியா ஒரு மூச்சு உள்ள போச்சு, நடுவழியில நின்னுது, வெளிய வராம தொண்டையில ஒரு சின்ன 'க்கும்'மா மாறிச்சு. தாடை இறுகிச்சு. அப்புறம் குனிஞ்சி, பக்கெட்டைப் பாத்து, "இத்தை எவ இங்க கொண்டாந்து வெச்சது?"ன்னா.

வெச்சது அவதான். கடையில வேற யாரும் இல்ல.

கவிதாவுக்கு முதுகு சிலுத்துடுச்சு. அதான்! அந்த மூச்சு, அந்த 'க்கும்'. போன் போனது மறந்துபோச்சு. நாக்கு நுனியில அந்தச் சத்தம் வந்து நிக்கிது. வாயைத் தொறந்தா வந்துடும், அச்சு அசலா. ரெண்டு மணிக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. ஓடிப்போய் பூபாலன் போன்ல பேசி அனுப்பிடலாம், அதுலயும் சாய்கிருஷ்ணன் நம்பரு இருக்கு. யாரைக் கேக்கணும்? போன வாட்டி கேட்டாளா?

கால் ரெண்டடி வெச்சிது. அப்புறம் நின்னுது.

"அண்ணி, இப்ப ஒரு மூச்சு வுட்ட பாரு. அது எனக்கு வேணும். எடுத்துக்கட்டுமா?"

தாயம்மா பக்கெட்லேருந்து போனை எடுத்து முந்தானையில தொடைச்சிகினு இருந்தா. நிமுந்து பாக்கல. ரொம்ப நேரம் தொடைச்சா.

"எடுத்துக்க. என்னிய அழ மட்டும் வெக்காத."

இங்க கவிதா வாயை மூடிகினு இருந்திருக்கலாம். "முப்பத்தொண்ணாம் பக்கத்துல அழுவுது அண்ணி"ன்னு சொல்லிட்டா. "கண்ணீரு வரைஞ்சே வெச்சிட்டாங்க. சொட்டு சொட்டா. போன வாட்டி நான் அழுதது அவங்களுக்குப் புடிச்சிப்போயிதான்."

"அப்ப கெடையாது."

"அண்ணி…"

"உன் இஷ்டத்துக்கு சொல்லிட்டு அங்க போய் அழுவ. நான் கூட வரேன். நான் கேட்டுத்தான் அனுப்பணும்." தாயம்மா முந்தானையை இழுத்து சொருகினா. பூபாலன் அடுத்த சவாரிக்கு மார்க்கெட் முனையில வந்து நின்னதுதான் தப்பு. "டேய், இங்க வா. சாமந்தி நூத்தி எம்பது, ரோஜா எரநூத்தி இருவது. கூடையில எவனையும் கை வெக்க வுடாத. அந்த போனைக் குடு." சஷ்டியும் அதுவுமா, பூபாலன் பூக்கடையில பேந்தப் பேந்த முழிச்சிகினு உக்காந்தான். அக்காவும் பொண்டாட்டியும் எதிர்ல வந்த ஆட்டோவுல ஏறிப் போயிட்டாங்க.

கண்டிகை வூட்ல கவிதா அலமாரிக்குள்ள போனா. தாயம்மா வெளிய பிளாஸ்டிக் சேர்ல கையைக் கட்டிகினு உக்காந்தா. கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி, "மூச்சு முட்டாதாடி இதுக்குள்ள?"ன்னு மட்டும் கேட்டா.

கவிதா கண்ணை மூடினா. ஒதடு பாக்க எந்தப் படமும் இல்ல. மூக்கு வழியா மூச்சை உள்ள இழுத்தா. நடுவுல நிறுத்தினா. மூணு வருஷத்துக்கு முன்னாடியே அண்ணி வூட்டுப் படியேறிப் போய் நின்னிருந்தா தனக்கும் இந்தச் சத்தந்தான் வந்திருக்கும்னு அந்த எடத்துல தோணிச்சு. 'க்கும்.' அவ்ளோதான். அனுப்பினா.

சாய்கிருஷ்ணன் ஒடனே கூப்புட்டாரு. இந்த வாட்டி சூப்பரும் இல்ல, ஆனாவும் இல்ல.

"எங்கேர்ந்து புடிச்ச இதை?"

"எங்க நாத்தனாரோடது சார். அந்தக் குரலே அவங்களுதுதான், மொதல்லேருந்து. ஒரு விசயம் சார். முப்பத்தொண்ணுல அழ மாட்டேன்."

"அழ மாட்டேன்னா? கண்ணீரு வரைஞ்சாச்சும்மா! கலர் அடிச்சாச்சு!"

"வரைஞ்சது இருக்கட்டும். ஒதடு ஆடுதா? ஆடலல்ல. கண்ணுல தண்ணி வந்தா வரட்டும், காத்துல தூசி பட்டாக்கூட வரும். குரலு அழுவாது. 'மன்னிச்சிடு'ங்கறதை நிமுந்து நின்னு சொல்லுவா, யாரையோ திட்டற மாதிரி. கேக்கறீங்களா?" கேக்கறேன்னு அவரு சொல்றதுக்குள்ள சொல்லிக் காட்டிட்டா.

"அந்த அழுகைக்காகத்தான் உன்னையே கேட்டாங்க கவிதாம்மா. மேல ஒத்துக்கலன்னா அனிதாதான். யோசிச்சிக்க."

கவிதா கால் கட்டைவிரலு தரையில தாளம் போட்டுகினு இருந்துச்சு. ஸ்பீக்கர்ல எல்லாம் கேட்டுகினு இருந்த தாயம்மா மோட்டுவளையப் பாத்தா. இவளைப் பாக்கல.

"அழுவணும்னா அனிதாவையே வெச்சிக்குங்க சார்."

கேட்டு சொல்றேன்னு அவரு வெச்சிட்டாரு. மணி பன்னெண்டே முக்கா. கவிதா கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தா. மோரு கலக்கினா, குடிக்கல. அணைஞ்சுபோன போனை அரிசிக்குள்ள பொதைச்சா, எடுத்தா, திரும்பப் பொதைச்சா. அனிதா குரலு எப்படி இருக்கும்னு அவளாவே ஒரு குரல்ல பேசிப் பாத்தா.

"உக்காருடி, தலை சுத்துது"ன்னா தாயம்மா. "போனா போவட்டும். எனக்கு அவ யாரோ."

"யாரோன்னு சொல்லாத அண்ணி."

தாயம்மா மோரை எடுத்துக் குடிச்சிட்டா.

ஒண்ணே முக்காலுக்கு மெசேஜ் வந்துச்சு. கவிதாவுக்கு எழுத்து ஆடிச்சு. தாயம்மா போனைப் புடுங்கி, கண்ணுகிட்ட கொண்டுபோய், எழுத்துக்கூட்டிப் படிச்சா. "முப்பத்தொண்ணு… ஓகே. அப்புடியே வெச்சிக்கலாம். முப்பத்தி ரெண்டுலேருந்து அறுவது வரைக்கும் இன்னிக்கே வேணும்."

தாயம்மா போனைத் திருப்பிக் குடுத்தா.

"முப்பத்தி ரெண்டுல இன்னா பண்ணுது அந்தப் பொம்பள?"

"பசங்களுக்கு நூல் சுத்திக் குடுக்குது அண்ணி. பசங்க நம்பாம தள்ளி நிக்கிறாங்க."

"நிப்பானுங்க, நிப்பானுங்க. பொறு, மெதுவா வருவானுங்க." தாயம்மா எழுந்துட்டா. "உள்ள போயி கதவைச் சாத்து. சஷ்டிக்கூட்டம், ரோட்ல ஒருத்தன் வுடாம ஆரன் அடிச்சிகினு போறான். நான் பாத்துக்கறேன்."

கவிதா உள்ள போயி உக்காந்தா. மைக்கைப் போட்டா. வாயைத் தொறக்கறதுக்குள்ள, மெத்தை, கதவு, கேட்டு எல்லாத்தையும் தாண்டிகினு ரோட்லேருந்து ஒரு சத்தம் வந்துச்சு. திருப்பதி பஸ்ஸு டிரைவருக்கு விழுந்துகினு இருந்துச்சு அர்ச்சனை. அவனோட ஆரன், அவனுக்கு லைசென்ஸ் குடுத்தவன், அவங்க ஆயா, ஒருத்தரும் பாக்கியில்ல. பஸ்ஸு ஆரனைவிட அது நாலு மடங்கு கேட்டுது. இந்தச் சத்தத்துல ஒரு வார்த்தை பதிய முடியாது.

கவிதா மைக்கை அணைச்சிட்டு, முட்டியக் கட்டிகினு காத்துகினு இருந்தா. மணி ரெண்டேகாலு. தாயம்மா இப்போதைக்கு முடிக்கற மாதிரி தெரியல.